இயற்கைக் கல்வியும் எழுத்துப் பயிற்சியும்: கொம்ஸ்ரொக் அம்மையாரின் கைந்நூல் பற்றிய ஒரு நோக்கு

மழைக்காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவன், யன்னலுக்கு வெளியே பெய்யும் மழையைப் பாராது, முன்னர் மனனஞ் செய்த வாக்கியங்களையே நினைவுகூருகின்றான். காணாததை எழுதப் பழக்கும் இக்குறைக்கு மாற்றாக, மாணவரை வெளியே அழைத்துச் சென்று கண்டதை எழுதச் செய்யுமாறு ஆசிரியருக்குக் கூறப்படுவதுண்டு. அம்மாற்றும் தீங்காகலாம் என எச்சரித்தவர், அமெரிக்க இயற்கைக் கல்வி இயக்கத்தின் முன்னோடியான அன்னா பொட்ஸ்ஃபோர்ட் கொம்ஸ்ரொக் (1854–1930).

1891–1893 காலப்பகுதியில் நியூயோர்க் மாநிலத்து வேளாண்மை நலிவுற்றமையால் கிராமத்து மக்கள் பலர் நகரை நாடினர். இளந்தலைமுறைக்கு நிலத்தின்மீது பற்றினை உண்டாக்கும் நோக்குடன் கோர்னெல் பல்கலைக்கழகம் இயற்கைக் கல்வியைப் பாடசாலைகளிற் பரப்பியது. அறிவியற் பயிற்சியற்ற ஆசிரியர்களுக்கென 1903 முதல் 1911 வரை கொம்ஸ்ரொக் எழுதிய பாடத் துண்டுவெளியீடுகளிலிருந்தே, 1911இல் வெளிவந்த அவரது இயற்கைக் கல்விக் கைந்நூல் உருவாயிற்று. அதன் பாடங்கள் பெரிதும் வினாக்களால் அமைந்தவை. விடை தெரியாதவிடத்துத் ‘தெரியாது’ என ஒப்புக்கொள்ள ஆசிரியர் அஞ்சலாகாது என்பது அதன் அடிப்படை அறிவுரை.

மொழிப்பாடத்துடன் இயற்கைக் கல்வியை இணைப்பது பற்றி அவர் கூறுவன ஆழ்ந்து நோக்கத்தக்கவை. கட்டுரை எழுதவேண்டி வருமாயின் வெளிக்களப் பயணமே வேண்டாம் என்ற சிறுவன் ஒருவனின் கூற்றை அவர் பரிவுடன் எடுத்துக்காட்டுகின்றார். ஒன்றைச் செய்விப்பதாகக் காட்டி வேறொன்றைச் சாதிக்க முயலும் உள்நோக்கம் நேர்மையான பிள்ளைமனத்துக்கு ஒவ்வாதது என்பது அவர் கருத்து. அதேவேளை, ஜோன் ஸ்பென்சர் நடத்திய இளம் இயற்கையாளர் கழகங்களின் சிறுவர்கள் அவருக்கு ஆர்வத்துடன் கடிதங்கள் எழுதினர். அவற்றைத் திருத்தவேண்டாமென அவர் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டார். எனினும் மாணவர் பலர் பிழையின்றி எழுத உதவுமாறு தாமே ஆசிரியரை வேண்டினர். அறிய விரும்பும் வாசகர் ஒருவர் இருப்பின் எழுத்து தானே பிறக்கும் என்னும் உண்மையை இது உணர்த்துகின்றது.

எனினும் இங்கு ஒரு வினா எழுகின்றது. உதவி கேளாத மாணவனின் நிலை யாது? ‘பறவை அழகாக இருந்தது’ என எழுதி அமைதியுறும் பிள்ளையிடம் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் பறவை அவ்வாக்கியத்தில் இல்லை. பொருள் வேறு, வடிவம் வேறு எனப் பிரித்த ஸ்பென்சரின் அணுகுமுறை, தொலைவிலிருந்து கடிதம் பெறுபவருக்குப் பொருந்தலாம். நாள்தோறும் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு அது போதாது. தக்க சொல்லைத் தேடுபவன் கண்ட பொருளை மீண்டும் நோக்கவேண்டியவனாகின்றான்.

இக்குறைக்கான பரிகாரம் கொம்ஸ்ரொக்கின் வினா முறையிலேயே உண்டு. ‘அலகு எந்நிறம்? கிளையில் எவ்வாறு அமர்ந்திருந்தது?’ என ஆசிரியர் வினவின், பார்வையும் வாக்கியமும் ஒருங்கே திருந்தும். இவ்வாறு வினவுதற்கு ஆசிரியர் தாமும் ஒரு பறவையைப் பொறுமையுடன் பார்த்து, பார்த்ததை எழுதி, சொல் கிடையாது தடுமாறியிருத்தல் வேண்டும். அவ்வனுபவத்தை அளிக்காத ஆசிரியப் பயிற்சி, சிவப்பு மையால் பிழை குறிப்போரை உருவாக்குமேயன்றி, மாணவரின் எழுத்துக்கு வாசகரை உருவாக்காது.