திரையில் ஒலிக்கும் கவிதை: அலன் கின்ஸ்பெர்க்கின் தோற்றங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

அச்சில் நிலைபெற்ற கவிஞரைத் திரை எவ்வாறு பதிவு செய்கிறது என்னும் வினா, வாய்விட்டுப் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட கவிதைகளைப் பொறுத்தவரை முக்கியமானதாகும். அமெரிக்க எதிர்ப்பண்பாட்டின் முதன்மைக் கவிஞர்களுள் ஒருவரான அலன் கின்ஸ்பெர்க் (1926–1997) பல்வேறு திரைப்படங்களிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் தோன்றியவர். அத்தோற்றங்களை அவருடைய புகழுக்குச் சான்றாக மட்டும் கொள்வது போதாது. அவற்றில் அவர் கவிதை எந்த அளவுக்குக் கேட்கிறது என்பதே தக்க அளவுகோல் என நாம் கருதுகிறோம்.

ராபர்ட் ஃபிராங்க், ஆல்ஃபிரட் லெஸ்லி ஆகியோர் இயக்கிய 'புல் மை டெய்சி' (1959) என்னும் குறும்படத்தில் கின்ஸ்பெர்க், கிரிகோரி கோர்சோ, பீட்டர் ஒர்லோவ்ஸ்கி ஆகியோர் நடித்துள்ளனர். ஆயினும், அனைவருக்குமாகப் பின்னணியில் பேசுபவர் ஜாக் கெரொவாக் ஒருவரே. நண்பர் குழுவின் கலகலப்பு இதில் சிறப்பாகப் பதிவாகியுள்ளது. கின்ஸ்பெர்க்கின் குரலோ இல்லை. 1965இல் படமாக்கப்பட்டு 1967இல் வெளிவந்த பென்னபேக்கரின் 'டோன்ட் லுக் பேக்' ஆவணப்படத்தின் தொடக்கத்தில், பாப் டிலன் தம் பாடலின் சொற்கள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போடுகிறார். லண்டன் சந்து ஒன்றில் எடுக்கப்பட்ட அக்காட்சியில் கின்ஸ்பெர்க் ஓரமாக நிற்கிறார். இங்கு அவர் ஒரு காலத்தின் அடையாளம் மட்டுமே.

இவற்றிலிருந்து வேறுபடுவது, பழமைவாதச் சிந்தனையாளர் வில்லியம் பக்லி நடத்திய 'ஃபயரிங் லைன்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1968இல் அவர் பங்கேற்றமையாகும். விவாதத்திற்கென அமைந்த அம்மேடையில் அவர் ஆர்மோனியம் இசைத்து ஹரே கிருஷ்ணா மந்திரத்தைப் பாடினார். 'வேல்ஸ் விசிட்டேஷன்' என்னும் தம் கவிதையையும் படித்தார். 1962, 1963ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் தங்கியிருந்தபோது மந்திர ஓதுதலில் அவர் கொண்ட ஈடுபாடு இங்கு வெளிப்படுகிறது.

தொலைக்காட்சி அவரை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டது என்று சிலர் வாதிடக்கூடும். ஆனால், அவர் தேர்ந்தெடுத்த கவிதை அவ்வாதத்தை வலுவிழக்கச் செய்கிறது. கண்டனக் கவிதையை எதிர்பார்க்கத்தக்க இடத்தில் அவர் படித்தது வேல்ஸ் நாட்டின் மலை, புல், மூடுபனி ஆகியவற்றைப் பற்றிய இயற்கைக் கவிதை. வாதத்தால் வெல்வதற்கான மேடை அச்சிறு பொழுதில் செவிமடுப்பதற்கான இடமாக மாறியது.

ஜேம்ஸ் ஃபிராங்கோ கின்ஸ்பெர்க்காக நடித்த 'ஹவுல்' (2010) திரைப்படம், 1957ஆம் ஆண்டு ஆபாச வழக்கையும் கவிதை வாசிப்பையும் இணைக்கிறது. கவிதையை மையமாக்கிய அதன் துணிவு பாராட்டத்தக்கது. எனினும், வரிகளுக்கு இணையாக ஓடும் இயங்குபடம், கேட்போர் தம் மனத்தில் உருவாக்க வேண்டிய காட்சிகளை முன்னரே முடிவு செய்துவிடுகிறது.

எனவே, வகுப்பறையில் இக்கவிஞரை அறிமுகப்படுத்தும் ஆசிரியர்கள் 1968ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். கவிஞரின் உருவம் மாணவர் நினைவில் பதிவதற்கு முன்னர் அவருடைய மூச்சின் அளவும் சொல்லின் ஏற்ற இறக்கமும் அவர்கள் செவியில் பதிதல் வேண்டும்.