பச்சைச் சிரிப்பின் பரம்பரைகள்

1978-இல் வெளிவந்த ‘அனிமல் ஹவுஸ்’ படத்தின் இசைக்காக இயக்குநர் ஜான் லேண்டிஸ் தேடிப்போனது எல்மர் பெர்ன்ஸ்டைனை. ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’, ‘மேக்னிஃபிசென்ட் செவன்’ போன்ற படங்களுக்கு இசையமைத்த பெரியவர் அவர். லேண்டிஸ் கையில் இருந்ததோ, கல்லூரி விடுதிப் பையன்கள் குடித்துக் கும்மாளமடிக்கும் படம். நகைச்சுவைப் படம் என்ற நினைப்பே இல்லாமல் இசையமைத்துத் தாருங்கள் என்று லேண்டிஸ் கேட்டுக்கொண்டார். பெர்ன்ஸ்டைனும் அப்படியே செய்தார். திரையில் அசிங்கம் நடக்க, காதில் கம்பீரமான இசை கேட்கிறது. படத்தின் பாதிச் சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

பச்சை நகைச்சுவையின் இலக்கணம் அந்த ஒரு முடிவில் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். மானக்கேடான காரியம் தன்னந்தனியாக நடந்தால் அருவருப்புதான் மிஞ்சும். எதிரே ஒருவர் விறைப்பாக, கண்ணியமாக, உதட்டோரம்கூடச் சிரிக்காமல் நிற்க வேண்டும். தெருக்கூத்தில் கட்டியங்காரனின் எகத்தாளம் எடுபடுவதற்குக் காரணம், பக்கத்தில் கிரீடமும் புஜகீர்த்தியுமாக ராஜா நிற்பது. ராஜாவும் சேர்ந்து கோமாளியானால் கூத்து படுத்துவிடும். ஆங்கிலப் படங்களில் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்துவந்த இந்த மரபில் எதைப் பார்க்கலாம், எதைத் தள்ளலாம் என்று கேட்பவர்களுக்கு இந்த அளவுகோலையே கொடுப்பேன்.

மூத்த பரம்பரை எர்ன்ஸ்ட் லூபிட்ச்சுடையது. ஜெர்மனியிலிருந்து ஹாலிவுட் வந்த அவர் 1932-இல் எடுத்த ‘டிரபிள் இன் பாரடைஸ்’ படத்தில் சீமானாகவும் சீமாட்டியாகவும் நடிக்கும் இரண்டு திருடர்கள் வெனிஸ் நகர ஓட்டலில் விருந்துக்கு உட்காருகிறார்கள். மேசை மரியாதை ஒரு துளி குறையாமல் சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் பொருளை ஒருவர் திருடுகிறார்கள். பர்ஸ் போகிறது, கைக்கடிகாரம் போகிறது, கடைசியில் அவள் கால் உறையைப் பிடித்திருக்கும் பட்டியே அவன் கையில் இருக்கிறது. காதலும் காமமும் இதைவிட நாசூக்காகத் திரையில் பேசப்பட்டு நான் பார்த்ததில்லை. அதே காலத்தில் மே வெஸ்ட், ‘ஷி டன் ஹிம் ராங்’ போன்ற படங்களில், ஆசையைத் தன் வாயாலேயே சொல்லும் பெண்ணாக வந்து நின்றார். ஆபாசம் என்று குற்றம் சாட்டப்பட்ட நாடகத்துக்காக 1927-இல் சிறைக்கே போய்வந்தவர் அவர்.

1934-இல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளான ஹேஸ் விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஜோசஃப் பிரீன் தலைமையிலான அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் படம் தியேட்டருக்குப் போவது கடினமானது. ‘டிரபிள் இன் பாரடைஸ்’ மறுவெளியீட்டுக்கே அனுமதி கிடைக்காமல் முடங்கியது.

இந்தக் கெடுபிடிக்குள்தான் மரபின் ஆகத் துணிச்சலான படம் பிறந்தது. பிரெஸ்டன் ஸ்டர்ஜஸின் ‘தி மிராக்கிள் ஆஃப் மார்கன்ஸ் கிரீக்’, 1944. உலகப் போர் உச்சத்தில் இருக்கிறது. சின்ன ஊர்க் காவலர் ஒருவரின் மகள், போருக்குப் போகும் சிப்பாய்களை வழியனுப்பும் நடன விருந்துக்கு அப்பாவுக்குத் தெரியாமல் போகிறாள். ஆட்டத்தில் தலையில் அடிபடுகிறது. விடிந்து வீடு திரும்பினால் விரலில் மோதிரம். யாரையோ மணந்துகொண்டது மட்டும் மங்கலாக நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. பிறகு அவள் கர்ப்பம் என்று தெரிகிறது. தாய்மை, ராணுவம், திருமணம், கிறிஸ்துமஸ் என அன்றைய அமெரிக்கா கையெடுத்துக் கும்பிட்ட எல்லாவற்றின் மீதும் ஸ்டர்ஜஸ் கைவைத்தார். முத்திரையும் வாங்கினார். கல்யாணம் நடந்துவிட்டதே, மயக்கத்துக்குக் காரணம் அடிபட்டதுதானே என்று விதிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே படம் அவற்றைத் தாண்டிப் போகிறது. அப்பாவாக வரும் வில்லியம் டெமாரஸ்டின் காவல் உடுப்பும் கடுகடுத்த முகமும் இல்லாவிட்டால் இந்தக் கதை நிற்காது. மகளைக் காப்பாற்றத் தவிக்கிற அந்த மனிதரை நாம் மதிக்கிறோம். அதனால்தான் அவர் தடுக்கி விழும்போதெல்லாம் சிரிக்கிறோம்.

1959-இல் பில்லி வைல்டரின் ‘சம் லைக் இட் ஹாட்’ முத்திரை இல்லாமலே வெளிவந்து பெருவெற்றி பெற்றது. 1968-இல் பழைய விதிகள் போய், வயது வாரியான தரச்சான்று முறை வந்தது.

பிரிட்டனில் பச்சை நகைச்சுவை வேறு சாதி. கடற்கரை ஊர்களில் விற்ற குறும்பு அஞ்சலட்டைகளும் மியூசிக் ஹால் மேடையும் வளர்த்த இரட்டை அர்த்தம்தான் ‘கேரி ஆன்’ படங்களின் தாய்ப்பால். பீட்டர் ரோஜர்ஸ் தயாரிக்க, ஜெரால்ட் தாமஸ் இயக்க, பைன்வுட் ஸ்டூடியோவில் 1958 முதல் 1978 வரை 30 படங்கள், 1992-இல் இன்னொன்று. எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை, பாதிக்கு மேல் சலிப்பு. ஆனால் 1968-இல் வந்த ‘கேரி ஆன் அப் த கைபர்’ படத்தைக் கட்டாயம் பாருங்கள். களம் ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவின் வடமேற்கு எல்லை, படமெடுத்ததோ வேல்ஸ் மலைகளில். முகத்தில் சாயம் பூசிய வெள்ளை நடிகர்கள் இந்தியர்களாகவும் பட்டாணியர்களாகவும் வருவது நம் கண்ணுக்கு உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். அதைப் பொறுத்துக்கொண்டு கடைசி விருந்துக் காட்சி வரை காத்திருங்கள். வெளியே பீரங்கிகள் முழங்குகின்றன, கூரைக் காரை சாப்பாட்டுத் தட்டில் உதிர்கிறது, ஆளுநரும் சீமாட்டிகளும் ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த பதார்த்தத்தைக் கேட்கிறார்கள். ஏகாதிபத்தியத்தின் மிடுக்கை இவ்வளவு நன்றாகக் கேலி செய்த காட்சி ஆங்கிலேயர் எடுத்த படங்களில் அரிது.

மான்ட்டி பைத்தான் குழுவின் ‘லைஃப் ஆஃப் பிரையன்’ (1979) இந்த மரபின் சிகரம். கதையைப் படித்து மிரண்ட ஈஎம்ஐ நிறுவனம் படப்பிடிப்பு தொடங்கும் தறுவாயில் பணத்தைத் திரும்பப் பெற, பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வீட்டை அடகு வைத்துப் படத்தைக் காப்பாற்றினார். துனீசியாவில் படமாக்கப்பட்டது. நார்வேயில் ஓராண்டு தடை, அயர்லாந்தில் 1987 வரை தடை. தெய்வநிந்தனை என்று கொதித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. மலைப்பிரசங்கம் செய்யும் இயேசுவைப் படம் தூரத்திலிருந்து, முழு மரியாதையோடு காட்டுகிறது. கேலியெல்லாம், கூட்டத்தின் பின்வரிசையில் சொல் சரியாகக் கேட்காமல் சண்டை போடுகிறவர்கள் மீது. இரவில் அரண்மனைச் சுவரில் ரோமானியர்களை எதிர்த்து லத்தீனில் எழுதும் பிரையன் படைத்தலைவனிடம் மாட்டிக்கொள்கிறான். படைத்தலைவனோ இலக்கணப் பிழையைத் திருத்தி, சரியான வாக்கியத்தை நூறு முறை எழுத வைக்கிறான். கையில் வாளோடு வேற்றுமை உருபு கேட்கும் ஜான் கிளீஸின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இளகவில்லை.

அமெரிக்காவில் மெல் புரூக்ஸ் ‘பிளேசிங் சேடில்ஸ்’ படத்தில் (1974) இந்த இலக்கணத்தைத் தலைகீழாக்கினார். இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து பீன்ஸ் தின்ற கௌபாய்களின் வயிற்றுச் சத்தம்தான் எல்லாருக்கும் நினைவிருக்கும். நான் பார்க்கச் சொல்வது கிளீவன் லிட்டிலை. வெள்ளைக்காரர் ஊருக்கு ஷெரீஃபாக வரும் கறுப்பர் அவர். படத்தில் கண்ணியமான முகம் அவருடையது, கொச்சையும் வன்மமும் ஊர்ப் பெரியவர்கள் வாயில். இனவெறிச் சொற்கள் ஏராளம். திரைக்கதை எழுதிய ஐவரில் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரும் ஒருவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அவற்றைக் கேட்க வேண்டும்.

‘அனிமல் ஹவுஸ்’ சுமார் 30 லட்சம் டாலரில் எடுத்து 14 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கல்லூரித் தலைவராக ஜான் வெர்னான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, ஜான் பெலூஷி புருவத்தாலேயே பேசுவார். ஆனால் பெண்கள் விடுதியின் ஜன்னலில் ஏணி போட்டு எட்டிப் பார்க்கும் காட்சிக்கு இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் வாரிசுகளில் இந்த நோய் முற்றியது. ‘ரிவெஞ்ச் ஆஃப் த நெர்ட்ஸ்’ (1984) படத்தில் முகமூடி போட்டு வேறு ஆளாக நடித்து ஒரு பெண்ணிடம் உறவுகொள்வதை வெற்றியாகக் காட்டுகிறார்கள். அது குற்றம். எந்தப் பட்டியலிலும் அந்தப் படத்துக்கு நான் இடம் தரமாட்டேன். ஏமாற்றப்பட்டவருக்கும் சிரிப்பில் பங்கு இருக்கிறதா என்பது என் இரண்டாவது அளவுகோல்.

1980-இல் ‘ஏர்பிளேன்’ வந்தது. 1957-இன் ‘ஸீரோ அவர்’ என்ற விமானப் படத்தின் உரிமையை வாங்கி, அதன் கதையை அப்படியே வைத்துக்கொண்டு, லெஸ்லி நீல்சன், ராபர்ட் ஸ்டாக் போன்ற சீரியஸ் நடிகர்களைக் கொண்டே எடுத்தார்கள். நிமிடத்துக்கு நிமிடம் சிரிக்க வேண்டும் என்றால் இதற்கு இணை இல்லை.

ஃபாரெல்லி சகோதரர்களின் ‘தேர்ஸ் சம்திங் அபௌட் மேரி’ (1998), ஜட் ஆபடோ வட்டத்தின் ‘ஃபார்ட்டி இயர் ஓல்ட் வெர்ஜின்’ (2005), ‘சூப்பர்பேட்’ (2007) ஆகியவை உடம்பின் அவமானத்தைக் கதையின் மையத்துக்கே கொண்டுவந்தன. இவற்றில் மனம் ஒட்டுவது ‘சூப்பர்பேட்’. வாய் திறந்தால் வசை பேசும் இரண்டு பையன்கள், பிரியப்போகிற நட்புக்காக உள்ளுக்குள் அழுகிறார்கள். ‘பிரைட்ஸ்மெய்ட்ஸ்’ (2011) இன்னும் ஒரு படி மேல். கிறிஸ்டன் விக், ஆனி முமோலோ எழுதிய திரைக்கதை ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. வெள்ளைக் கம்பளம் விரித்த மணப்பெண் உடைக் கடையில், விலையுயர்ந்த கவுன்களுக்குள் தோழிகளுக்கு ஒரே நேரத்தில் வயிற்றைக் கலக்குகிறது. அந்த நேரத்திலும் நாயகி வியர்வை வழிய, தனக்கு ஒன்றுமில்லை என்று சாதிக்கிறாள். கண்ணியமும் கலகமும் ஒரே முகத்தில் மோதுகின்றன.

‘போராட்’ (2006) பற்றி மட்டும் என் மனம் இரண்டாக நிற்கிறது. சாஷா பேரன் கோயன் வேடமிட்டு, நிஜ மனிதர்களிடம் பேச்சுக்கொடுத்து, இனவெறியர்களின் வாயைப் பிடுங்கும் இடங்கள் அபாரம். விருந்துக்கு அழைத்து உபசரித்த சாதாரண மனிதர்களையும் அதே வலையில் மாட்டுவது என் இரண்டாவது அளவுகோலில் தேறவில்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் அண்மைக் காலத்திலிருந்து பின்னோக்கிப் போக வேண்டாம், எல்லாம் கிடைக்கிற சுதந்திரத்தில் ருசி மழுங்கிவிடும். ‘டிரபிள் இன் பாரடைஸ்’, ‘மார்கன்ஸ் கிரீக்’, ‘லைஃப் ஆஃப் பிரையன்’ என்ற வரிசையில் தொடங்குங்கள். துணைக்குப் பத்துப் பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள், இந்தப் படங்கள் கூட்டத்தோடு பார்க்க எடுக்கப்பட்டவை. திரைப்படச் சங்கங்கள் தங்கள் ஆண்டுத் திரையிடலில் ஸ்டர்ஜஸுக்கு ஒரு மாலை ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.