மாடப்புறாவுக்கு எட்டுப் பக்கம்

தூது போகத் தகுந்தவை என்று பாட்டியல் மரபு பத்தைச் சொல்கிறது: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. நிஜமாகவே கடிதம் சுமந்த புறா அதில் இல்லை! 1850இல் ராய்ட்டர், ஆஹன் நகருக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவே பங்குச்சந்தைச் செய்தி அனுப்பியது புறாவை நம்பித்தான்.

விட்டுப்போன அந்த இடத்தை இப்போது ஸீன்கள் கொடுக்கின்றன. மேகஸீன் என்ற சொல்லின் வாலை வெட்டி எடுத்த பெயர். ஓர் ஏ4 தாள், சில மடிப்பு, நடுவில் ஒரு வெட்டு. எட்டுப் பக்கம் தயார். பதிப்பாளர் தயவு வேண்டாம்.

ஆனால் புறாவை வரைந்தாலே அது நல்ல ஸீன் ஆகிவிடாது. தொப்பி மாட்டி, கையில் கோப்பி கொடுத்து, 'பாவம், நகரத்துத் தனிமை'ன்னு ஒரு வரி எழுதினால் அங்கே இருப்பது நாம்தான், புறா இல்லை. நல்ல ஸீன் ஒரே ஒரு புறாவை எட்டுப் பக்கமும் விடாமல் பார்க்கும். கழுத்தில் பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னுவது, சிறகின் இரண்டு கறுப்புப் பட்டை, அப்புறம் கால். காலை வரையும்போதுதான் ஒரு விரல் குறைவது கண்ணில் படும். நூலும் தலைமுடியும் சுற்றி இறுகினால் விரல் போய்விடும். முடிதிருத்தும் கடைகள் அதிகமுள்ள பகுதிகளில் இந்தக் காயமும் அதிகம் என்று பாரிஸ் புறாக்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்தக் காலில் இருப்பது நம்ம முடி.

கார்ட்டூனிஸ்ட் ரோஸ்மேரி மாஸ்கோ 2021இல் எழுதிய புறா கையேடு ஸீன் அல்ல, முழுப் புத்தகம். ஆனாலும் ஸீன் செய்பவர்கள் படிக்க வேண்டியது. தெருப்புறாக்கள் நாம் வளர்த்துக் கைவிட்டவற்றின் வாரிசுகள் என்பதை அது சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. தமிழில் அதற்கு ஒரு சொல்லே போதும்: மாடப்புறா. வீட்டு மாடத்தில் இருந்ததை இன்று அடுக்குமாடியிலிருந்து விரட்டுகிறோம்.

சிங்கப்பூரில் புறாவுக்குத் தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். சட்டம் தடுப்பது தீனியை, பார்ப்பதை அல்ல. அதற்காக, காயப்போட்ட துணியில் எச்சம் விழுந்து திட்டும் அக்காவை ஸீன் மறைக்கக் கூடாது. அவருக்கும் ஒரு பக்கம் வேண்டும். அந்தக் கோபத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகும் பிடித்திருந்தால்தான் அது ரசனை. இல்லாவிட்டால் வெறும் ஸ்டிக்கர்.