லிங்கன் கணக்கு

ஆபிரகாம் லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் என்று ஒன்று உண்டு. நீங்கள் கட்டாயம் படித்திருப்பீர்கள். பள்ளிக்கூட ஆண்டு மலர், டாக்டர் வீட்டுச் சுவர், சுயமுன்னேற்றப் புத்தகம் என்று அது இல்லாத இடமில்லை. ஒரே ஒரு சிக்கல். அதை லிங்கன்தான் எழுதினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

கூடவே ஒரு தோல்விப் பட்டியல். வியாபாரத்தில் நஷ்டம், தேர்தலில் தோல்வி, மறுபடி தோல்வி, கடைசியில் ஜனாதிபதி! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் காமர்ஸ் படித்தவன். நஷ்டத்தை மட்டும் எழுதிய பேரேட்டை நம்பமாட்டேன். கடை நொடித்தது நிஜம். அந்தக் கடனை வருஷக்கணக்கில் அடைத்ததும் நிஜம். ஆனால் மனிதர் 1834 தொடங்கி நான்கு முறை இல்லினாய்ஸ் சட்டசபைக்கு ஜெயித்தவர். ரயில்வே கம்பெனிக்கே வாதாடிய கெட்டிக்கார வக்கீல். இதையெல்லாம் மறைத்தால்தான் கதை உருக்கமாக வரும் போலிருக்கிறது.

ஸ்பீல்பெர்க்கின் 'லிங்கன்' (2012) படத்தை மறுபடி பார்த்தேன். நல்லவேளை, அது இந்த உருக்கத்தில் விழவில்லை. 1865 ஜனவரி. அடிமைமுறையை ஒழிக்கும் 13-வது சட்டத் திருத்தம். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், கையில் இல்லை. லிங்கன் என்ன செய்கிறார்? பதவிக்காலம் முடியப்போகிற எதிர்க்கட்சி உறுப்பினர்களிடம், அரசாங்க உத்தியோகம் தருவதாகச் சொல்லி ஆள் அனுப்புகிறார்! 119-க்கு 56. ஜெயித்துவிடுகிறார். குட்டிக்கதை சொல்லிக்கொண்டே காய் நகர்த்தும் அந்த மனிதராக வாழ்ந்து காட்டி, டேனியல் டே லூயிஸ் ஆஸ்கர் வாங்கினார். உத்தமர்களும் அரசியல் செய்துதான் ஆகவேண்டும் என்று ஒளிக்காமல் சொல்கிற படம்.

அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? படத்தில் பிரெடரிக் டக்ளஸ் இல்லை.

யார் அவர்? அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி ஓடிவந்து, அமெரிக்காவே திரும்பிப் பார்த்த பேச்சாளராக வளர்ந்தவர். 1863 ஆகஸ்டில் வெள்ளை மாளிகைக்குப் போய் லிங்கனிடமே நியாயம் கேட்டவர். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பருக்கு 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். ஒரே யுத்தம், ஒரே குண்டு, சம்பளம் மட்டும் ஏன் வேறு? கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் சமமாகும் என்றார் லிங்கன். டக்ளஸுக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் தன்னைச் சமமாக உட்காரவைத்துப் பேசிய மனிதர்மேல் மரியாதை வந்தது. 1864 ஜூனில் சம்பளம் சமமானது.

சுமார் 1,80,000 கறுப்பர்கள் வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டார்கள். படத்தின் ஆரம்பத்தில் இரண்டு கறுப்புச் சிப்பாய்கள் லிங்கனிடம் பேசுகிறார்கள். அதிலும் ஒருவர் இந்தச் சம்பளக் கதையைத்தான் கேட்கிறார். அவ்வளவுதான். பிறகு கதை வெள்ளைக்காரர்களின் அறைகளுக்குள் போய்விடுகிறது. முக்கியமான ஓட்டெடுப்பின்போது கறுப்பர்கள் மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். விடுதலை என்பது ஒரு பெரிய மனிதர் மனமிரங்கிக் கொடுத்த தானம் என்று தோன்றிவிடுகிறது. கேட்டு, சண்டை போட்டு, செத்து வாங்கினவர்கள் கணக்கில் வரவே இல்லை.

1876-ல் வாஷிங்டனில் லிங்கனுக்குச் சிலை திறந்தார்கள். பேசக் கூப்பிட்டது டக்ளஸை. எதிரே ஜனாதிபதி கிராண்ட். இன்னொருவராக இருந்தால் புகழ்ந்து தள்ளிவிட்டு இறங்கியிருப்பார். டக்ளஸ் என்ன சொன்னார் தெரியுமா? லிங்கன் முதலில் வெள்ளையர்களின் ஜனாதிபதி, நாங்கள் அவருக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளைகள்தான் என்றார். எங்கள் அவசரத்துக்கு அவர் ரொம்ப மெதுவாகத் தெரிந்தார் என்றார். அதே மூச்சில், அன்றைய தேசத்தின் மனநிலையை வைத்துப் பார்த்தால் அவர் வேகமானவர், துணிச்சலானவர் என்றும் சொன்னார்.

வரவு, பற்று இரண்டும் எழுதிய கணக்கு அது. லிங்கன் அதில் ஒரு அங்குலமும் குறைந்துபோகவில்லை.

அடுத்த தடவை யாராவது அந்த ஆசிரியர் கடிதத்தை உங்களுக்கு அனுப்பினால் கோபப்படாதீர்கள். பதிலுக்கு டக்ளஸின் பேச்சைத் தேடி அனுப்பிவையுங்கள். பிள்ளைகளுக்கு நிஜமாகவே சொல்லிக்கொடுக்க வேண்டியது அதில்தான் இருக்கிறது.