0.2 வாட்டில் ஒரு டீலக்ஸ் ரிவெர்ப்

ஃபெண்டர் டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப்பை அதன் பின்பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு குமிழுக்காக வாங்கலாம். 22 வாட்டில் தொடங்கி 0.2 வாட் வரை இறங்கும் குமிழ் அது.

வால்வ் வைத்த அசல் டீலக்ஸ் ரிவெர்ப்பை வீட்டில் வாசித்தவர்களுக்குக் காரணம் புரியும். வால்யூம் மூன்றில் தெளிவான, அழகான ஒலிதான். ஆனால் அந்த ஆம்ப்பின் உயிர் ஐந்து, ஆறில் இருக்கிறது. இரண்டு 6வி6 வால்வுகளும் திணறத் தொடங்கும். அழுத்தி மீட்டினால் கரகரக்கும், மெல்லத் தொட்டால் தெளியும். அடுக்குமாடி வீட்டில் அந்த அளவுக்கு ஏற்றவே முடியாது.

டோன் மாஸ்டரில் வால்வே கிடையாது. அந்த சர்க்யூட் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ப்ராசஸர் கணக்கிட்டுத் தருகிறது. அதனால் வால்யூமை ஆறில் வைத்துவிட்டு, வெளியே வரும் சத்தத்தை மட்டும் குறைக்கலாம். சில வாரங்களாக இரவில்தான் வாசிக்கிறேன். கிட்டாரின் வால்யூமைச் சற்று இறக்கினால் கரகரப்பு விலகி மணி போல ஒலிக்கிறது. இதற்காகத்தானே இத்தனை வருடம் ஏங்கினோம்!

0.2 வாட் என்றதும் கிசுகிசுப்பு என்று நினைக்க வேண்டாம். வாட் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியாகத்தான் தெரியும். 22 வாட்டிலிருந்து இங்கே வந்தாலும் கால்பங்கு மிச்சம் இருக்கும். கதவைச் சாத்தியே ஆக வேண்டும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் சரியாக எட்டாது என்பதால் அந்தக் குமிழையும் சற்று ஏற்றிக்கொள்கிறேன்.

மாடலிங் கருவிகளில் எனக்குப் பிடிக்காதது, நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கும் ப்ரீசெட்கள். தேடித் தேடியே இரவு போய்விடும், பாட்டு அப்படியே கிடக்கும். இதில் இருப்பது ஒரே ஆம்ப். திரை இல்லை, மெனு இல்லை. எடையும் பத்து கிலோ சொச்சம்தான். அசல் கிட்டத்தட்ட இரு மடங்கு.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. சத்தமான ஆம்ப்பின் முன் நின்று ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால், ஸ்பீக்கரின் அதிர்வு கம்பியைத் திரும்ப அசைத்து ஸ்வரத்தை நீட்டிக்கொண்டே போகும். 0.2 வாட்டில் அதற்கு வழியில்லை. இதை மாடலிங்கின் குறை என்று சொல்ல முடியாது. கம்பியை அசைக்கக் காற்று வேண்டும். அப்படிப்பட்ட லீட் பகுதிகளைப் பகலில் 12 வாட்டில் பதிவு செய்கிறேன்.

அசலை விற்க மாட்டேன். 1960களில் செய்த டீலக்ஸ் ரிவெர்ப்களுக்கு இன்றும் வால்வ் மாற்றி, கெப்பாசிட்டர் மாற்றி ஓட்டுகிறார்கள். டிஜிட்டல் போர்டு போனால் அப்படிச் சாலிடரிங் அயர்னோடு உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் என் கிட்டார் கேபிள் செருகப்படுவது டோன் மாஸ்டரில்தான்.