சாட்சியமும் குறியீடும்: கிருஷாந்தி வழக்கை வாசித்தல்

1

கிருஷாந்தி குமாரசுவாமியைப் பற்றித் தமிழகத்தில் நிறையவே பேசியிருக்கிறோம். மேடையில், கவிதையில், துண்டறிக்கையில். ஆனால் அவர் கடத்தப்பட்டதும் கொல்லப்பட்டதும் ஒரு வழக்காக விசாரிக்கப்பட்டது, அங்கே சாட்சியம் என்று ஒன்று இருந்தது, அது சிலவற்றை நிரூபித்தது, சிலவற்றைத் தொடாமல் விட்டது என்பதைப் பற்றிப் பேசியது குறைவு. 2025இல் செம்மணி மண் மறுபடி தோண்டப்பட்ட பிறகும் பேச்சு பழைய தடத்திலேயே ஓடுகிறது. ஒரு பெண்ணின் வழக்கைக் குறியீடாக வாசிப்பதற்கும் சாட்சியமாக வாசிப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் அரசியல் ரீதியானது. இதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடலாம். 1996 செப்டம்பர் 7. யாழ்ப்பாணம் இராணுவத்தின் கையில் இருந்த காலம். சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி, வயது 18. உயர்தரப் பரீட்சையில் வேதியியல் தாள் எழுதிய அன்று, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் செம்மணிக் காவலரணில் நிறுத்தப்பட்டார். பார்த்தவர்கள் மூலம் வீட்டுக்குத் தகவல் போனது. பள்ளித் துணை அதிபராக இருந்த அம்மா ராசம்மா, தம்பி பிரணவன், அயலவர் கிருபாமூர்த்தி மூவரும் காவலரணுக்கே போய்க் கேட்டார்கள். மூவரும் திரும்பி வரவில்லை. சுமார் ஒன்றரை மாதம் கழித்து நான்கு உடல்களும் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். மற்ற மூவரும் ஏன் கொல்லப்பட்டார்கள்? "எங்க பிள்ளை எங்கே?" என்று கேட்டதால். அந்தக் கேள்வியோடு அவர்கள் சாட்சிகளாகிவிட்டார்கள். பிள்ளை அங்கே நிறுத்தப்பட்டாள் என்று தெரிந்தவர்கள், அதைக் காவலரணின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள். ஆக, இங்கே சாட்சியம் என்பது நீதிமன்றக் கூண்டில் தொடங்கவில்லை. தேடிப்போன கால்களில் தொடங்குகிறது. கொலையும் அங்கேயே சாட்சியத்தை அழிக்கும் வேலையாக மாறுகிறது. நம் மேடைகளில் கிருஷாந்தியின் பெயர் ஒலித்த அளவுக்கு இந்த மூன்று பெயர்களும் ஒலிக்காதது தற்செயல் இல்லை. குறியீட்டுக்கு ஒரு பெயர் போதும். சாட்சியத்துக்கு நான்கும் வேண்டும்.

2

வழக்கு கொழும்பு உயர் நீதிமன்றத்தில், ஜூரிகள் இல்லாமல், மூன்று நீதிபதிகள் முன் நடந்தது. 1998 ஜூலை 3 அன்று குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இலங்கையில் 1976க்குப் பிறகு மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. எனவே நடைமுறையில் அது சிறைவாசம். 2004இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. தமக்கு எதிராக இவ்வளவு சாட்சியம் குவிந்த பிறகும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எந்த விளக்கமும் தராததை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. வலுவான சாட்சியம் எதிரே நிற்கும்போது, விளக்கக்கூடியவரின் மௌனம் அவருக்கு எதிராகவே வாசிக்கப்படலாம் என்பது இதன் அடிப்படை.

மௌனத்தைப் பிரதியாக வாசிப்பது பற்றிச் சிற்றிதழ்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். நீதிமன்றம் அதை வேறொரு கறாரோடு செய்கிறது. முதலில் சாட்சியம், பிறகுதான் மௌனத்தின் அர்த்தம். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்.

இதைச் சொல்வதால் நீதிமன்றத்துக்குக் கொடி பிடிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த விசாரணையின் எல்லை அந்த நான்கு பேர். 1996இல் மட்டும் யாழ்ப்பாணத்தில் சுமார் 600 பேர் காணாமலாக்கப்பட்டதாக அம்னெஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்தது. அவர்களில் நான்கு பேருக்கான தண்டனையை, "பாருங்கள், நாங்கள் தண்டிக்கிறோம்" என்ற நற்சான்றிதழாக அரசு காட்ட முடிந்தது. விதிவிலக்கைக் காட்டி விதியை மறைக்கிற உத்தி இது.

3

அரசு அவரை விதிவிலக்காக்கியது என்றால், நாம் என்ன செய்தோம்? 'தமிழ்ப் பெண்ணின் மானம்' ஆக்கினோம். இனத்தின் கற்பு, மண்ணின் கற்பு. வேதியியல் பரீட்சை எழுதிவிட்டு வந்த ஒரு மாணவி அந்தச் சொல்லாடலுக்குள் நுழைந்ததும் காணாமல் போகிறார். இது இரண்டாவது முறை காணாமல் போவது. வன்முறைக்கு ஆளான உடல் வழக்கில் ஒரு சாட்சியம். யார், எங்கே, எப்போது என்று கேட்க வைப்பது. மானமாக மாறிய உடலிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது. கேட்டால் அசிங்கம் என்பார்கள்.

இதற்கு நம் இலக்கியத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. 1997இல் அம்பாறை மாவட்டத்தில் கோணேஸ்வரி என்ற பெண் கொல்லப்பட்டார். குற்றச்சாட்டு போலீஸார் மீது. அதற்காக யாரும் தண்டனை பெறவில்லை. கலா எழுதிய 'கோணேஸ்வரிகள்' கவிதை வந்ததும் பெரிய சர்ச்சை கிளம்பியது. எதைப் பற்றி? கவிதையில் எந்த உறுப்பைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைப் பற்றி. கொலையின் சாட்சியம் என்ன ஆனது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? தலைப்பில் ஒரு பெயர் பன்மையாகிறது. கவிதைக்கு அந்த உரிமை உண்டு. அந்தக் கோபம் இல்லாமல் அந்தக் கவிதை இல்லை. ஆனால் பொதுவெளியும் சேர்ந்து பன்மையிலேயே பேச ஆரம்பித்தால், ஒருமையில் நடந்த குற்றத்துக்கு யார் பொறுப்பு?

4

இனி சிக்கலான இடத்துக்கு வருவோம். தண்டனை விதிக்கப்பட்டபோது குற்றவாளிகளில் ஒருவரான லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் முன்னூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். வழக்கின் எல்லைக்கு வெளியே இருந்த பேச்சு. வழக்கைவிடப் பெரிதாகிவிட்ட பேச்சு. 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன.

இந்தப் பேச்சை எப்படி வாசிப்பது? தூக்குத் தண்டனைக்காரன் பேச்சு, தள்ளு என்றது ஒரு தரப்பு. இன்னொரு தரப்பு, அதாவது நம் தரப்பு, அவரையே சத்தியவானாக்கியது. ஒரு மாணவியின் கடத்தலிலும் வல்லுறவிலும் கொலையிலும் தண்டிக்கப்பட்டவரின் வாக்கை நாம் தேவவாக்காக எடுத்துக்கொண்டபோது அந்த மாணவி எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. தன்னலமும் உண்மையும் ஒரே வாயில் இருக்க முடியும். அந்த வாக்குமூலத்தை நம்புவதா மறுப்பதா என்பதே தப்பான கேள்வி. அவர் காட்டிய இடத்தைத் தோண்டினார்களா, எவ்வளவு தோண்டினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பவைதான் கேள்விகள். 15 என்ற எண் அவர் சொன்னதைப் பொய்யாக்கவில்லை. முழுதாக நிரூபிக்கவும் இல்லை. அங்கே தேடினால் கிடைக்கும் என்பதை மட்டும் நிரூபித்தது.

ஈழத்து விவகாரம்தானே என்று ஒதுக்க முடியாது. 2015இல் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் நாமும் இதே பாடத்தைப் படித்தோம். தலைமறைவாக இருந்த யுவராஜ் வாட்ஸ்அப்பில் பேசினார், தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார், ஊரே கேட்டது. முக்கிய சாட்சியான பெண் பிறழ்சாட்சியானதும் வசவு முழுவதும் அந்தப் பெண் மேல் விழுந்தது. அவரைப் பேசவிடாத சாதியை யார் வைதார்கள்? திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு பிறழவில்லை. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023இல் தண்டனையை உறுதி செய்தார்கள். ராசம்மா செய்ததும் அதுதான்: இடத்துக்குப் போய்ப் பார்ப்பது. ஒருவருக்கு அதிகாரம் பாதுகாப்பாக இருந்தது. இன்னொருவருக்கு அதிகாரமே எமனாக நின்றது.

5

2025 பிப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமான வேலையின்போது எலும்புகள் தென்பட்டன. அதன்பின் நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில், அந்த ஆண்டிலேயே 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒரு நீலப் பள்ளிப்பை, பொம்மை, பால் போத்தல், வளையல். ஆகஸ்ட் 5 அன்று நீதிமன்ற உத்தரவின் பேரில் இந்தப் பொருட்கள் மக்கள் பார்த்து அடையாளம் காட்டுவதற்காக வைக்கப்பட்டன.

நீலப் பையின் படம் நம் ஊரிலும் சுற்றியது. பலரும் பகிர்ந்தார்கள், அழுதார்கள், எழுதினார்கள். அழுகையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பை அங்கே வைக்கப்பட்டது நாம் உருகுவதற்காக இல்லை. "இது என் பிள்ளையுடையது" என்று யாரோ ஒருவர் சொல்வதற்காக. அப்படிச் சொல்லக்கூடியவர் செத்திருக்கலாம், வயதாகி மறந்திருக்கலாம், கனடாவில் இருக்கலாம், இராமேஸ்வரம் மண்டபம் முகாமில் இருக்கலாம். நம் பக்கத்து முகாமிலேயே இருக்கலாம். நம்மில் யாராவது ஒருவர் அந்தப் பொருட்களின் விவரத்தை எடுத்துக்கொண்டு போய் அங்கே உள்ளவர்களிடம் கேட்டோமா? இங்கே தொடங்கினால் நம் பேச்சுக்கும் அகழ்வுக்கும் ஒரு சம்பந்தம் ஏற்படும். சித்துப்பாத்தியில் கிடைத்தவர்கள் 1998இல் சொல்லப்பட்டவர்கள்தானா என்பதை எலும்பும் மரபணுவும் சொல்லட்டும். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், நாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நம் வாக்கியத்தைக் காட்டியே அதைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குவார்.

கவிதை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதுவதற்கு முன், முகாமில் இருப்பவர்களிடம் பெயர், தேதி, கடைசியாகப் பார்த்த இடம், உடுத்தியிருந்த துணி என்று நான்கு விவரங்களை, அவர்கள் சம்மதத்தோடு, குறித்து வைக்கும் வேலையை யார் செய்யப்போகிறோம் என்று கேட்கிறேன். மாற்றுக் கருத்துள்ள தோழர்கள் எழுதட்டும். அதையும் பேசுவோம்.