அரிவதும் அரிதாவதும்

தமிழில் ‘அருமை’ என்னும் சொல் இரு பொருள் தாங்கி நிற்கிறது. எளிதில் கிடைக்காததும் அருமை, மதிப்புமிக்கதும் அருமை. அரபு மொழியின் ‘அஸீஸ்’ என்னும் சொல்லும் அத்தகையதே. அடைதற்கு அரியது, மேன்மை உடையது ஆகிய இரு பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. குடும்ப உறவில்லாத இரு மொழிகள் இவ்வாறு ஒரே இடத்தில் சந்திப்பதைக் காணும்போது, குறைவாகக் கிடைப்பதே உயர்ந்தது என்னும் எண்ணம் மனித மனத்தில் ஆழ வேரூன்றியது என்பது புலனாகிறது. அந்த எண்ணத்தையே முதலாக வைத்து நடைபெறும் ஒரு வணிகத்தை இங்கு ஆராய விழைகிறோம். சேகரிப்போருக்காக எண்ணிக்கை வரையறுத்துச் செய்யப்படும் கத்திகளின் வணிகம் அது.

இவ்வணிகத்தின் தலைமை நிலம் அமெரிக்கா. அங்குச் சட்டைப்பையில் கொண்டுசெல்லும் மடக்குக் கத்தி, வேட்டைக்காரர்க்கும் உழவர்க்கும் தச்சர்க்கும் நெடுங்காலமாகத் துணைக்கருவி. அக்கருவியே இன்று ஒரு சாராருக்குச் சேகரிப்புப் பொருளாகிவிட்டது. ஒரு நிறுவனம் தன் வழக்கமான கத்தியை வேறொரு எஃகிலோ, பிடியின் நிறத்தை மாற்றியோ சில நூறு அல்லது சில ஆயிரம் எண்ணிக்கையில் மட்டும் செய்வதாக அறிவிக்கிறது. விற்பனை தொடங்கும் நாளும் நேரமும் முன்கூட்டியே சொல்லப்படுகின்றன. குறித்த நேரத்தில் கணினியின் முன் அமர்ந்து பொத்தானை அழுத்துபவர், பணம் செலுத்தும் பக்கத்தை அடைவதற்குள் சரக்குத் தீர்ந்துவிட்டது என்னும் அறிவிப்பைக் காண்கிறார். மனிதக் கையினும் விரைந்து வாங்கும் தானியங்கி நிரல்களும், விற்பதற்கென்றே வாங்கும் தரகர்களும் அவரை முந்திவிடுகின்றனர். அதே கத்தி, சிலவேளை அன்று மாலையே, இருமடங்கு விலையில் வேறிடத்தில் விற்பனைக்கு நிற்கிறது. கத்திக் கண்காட்சிகளிலும் நிலைமை பெரிதும் வேறன்று. புகழ்பெற்ற கைவினைஞரின் மேசையில் விருப்பமுடையோர் பெயர்களைச் சீட்டுகளில் எழுதிப் பெட்டியில் இட்டுக் குலுக்கி எடுக்கின்றனர். பணம் இருந்தும், பொருள்மீது காதல் இருந்தும், அதன் தரத்தை அறியும் அறிவு இருந்தும் வெறுங்கையுடன் திரும்புவோரே மிகுதி.

இவர்களது மனக்குறை நியாயமானதா? இதற்கு விடை காணுமுன், ஒரு பொருள் அரிதாவதற்கான காரணங்களைப் பிரித்தறிய வேண்டும். காலத்தால் அரிதாவது ஒருவகை. பழைய நாணயமும் ஏட்டுச் சுவடியும் அத்தகையவை. ஒரு காலத்தில் பலவாக இருந்து அழிந்தவை போக எஞ்சியவை அவை. கையால் அரிதாவது மற்றொரு வகை. செய்பவனுக்கு இரண்டு கைகளும் நாளுக்கு இத்தனை நாழிகையும் மட்டுமே இருப்பதால் நேரும் குறைவு இது. மூன்றாவது வகை, கணக்கால் அரிதாவது. மிகுதியாகச் செய்ய இயலும். செய்தால் வாங்கவும் ஆள் உண்டு. எனினும் செய்யாதிருப்பதே ஆதாயம் என்று முடிவு செய்வதால் நேரும் குறைவு. மூன்றும் வாங்குபவன் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். ஆயினும் அவற்றின் இயல்பு வெவ்வேறு.

இரண்டாம் வகைக்குக் கத்தியுலகில் நல்லதொரு சான்று உண்டு. ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவில் போ ராண்டல் என்பவர் 1930களின் பிற்பகுதியில் கத்தி செய்யத் தொடங்கினார். அவரது பட்டறையின் கத்திகளுக்கு இன்றும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1950களின் முற்பகுதியில் வணிகக் கப்பலில் பணிபுரிந்த இராபர்ட் லவ்லெஸ் என்னும் இளைஞர், நியூயார்க்கின் அபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் கடைக்குச் சென்று ராண்டல் கத்தி ஒன்றைக் கேட்டார். ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்றனர். காத்திருக்க மனமில்லாத அவர், பழைய பேக்கார்டு மோட்டார் வண்டியின் வில்தகட்டை எடுத்துத் தமக்குத் தாமே ஒரு கத்தி செய்துகொண்டார். பின்னர் அதே கடை அவர் செய்த கத்திகளை விற்றது. 1970இல் அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் சங்கம் உருவானபோது அதன் நிறுவனர்களுள் ஒருவராகவும் விளங்கினார். 2010இல் அவர் மறைந்தார். இன்று அவரது கத்திகள் பல்லாயிரம் டாலருக்கு விலைபோகின்றன. அவற்றைப் போலச் செய்த போலிகளும் உலவுகின்றன. ஒரு கத்தி கிடைக்கவில்லையே என்னும் குறையிலிருந்து புறப்பட்டவரின் கத்தி, பிறருக்குக் கிடைக்காத பொருளாகிவிட்டது.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. லவ்லெஸ் அடைந்த ஏமாற்றத்தில் வஞ்சனை ஏதும் கலந்திருக்கவில்லை. ராண்டலின் பட்டறை அதற்குமேல் விரைந்து செய்ய இயலாததால் அவர் காத்திருக்க நேர்ந்தது. ஒன்பது மாதம் என்பது ஒரு தவணை. அதன் முடிவில் கத்தி உறுதி. இன்றைய வணிகத்திலோ தவணை என்பதே இல்லை. அந்த நிமிடத்தில் கிடைத்தால் உண்டு. தவறினால் என்றுமே இல்லை. வரிசையில் நிற்பவனுக்குப் பொறுமை தேவை. சீட்டுக் குலுக்கலில் நிற்பவனுக்கோ பொறுமையாலும் பயனில்லை.

எண்ணிக்கையை வரையறுப்பதே தவறு என்று கூறுவதற்கில்லை. ஜப்பானில் உரிமம் பெற்ற வாட்கொல்லர் ஒருவர் மாதத்திற்கு இரண்டு நெடுவாள்களுக்குமேல் செய்யலாகாது என்பது விதி. அவசரத்தில் தரம் கெடாமல் காப்பதும், வாள் ஒரு கலைப்பொருளாக நிலைபெறச் செய்வதும் அவ்விதியின் நோக்கம். அங்கு எண்ணிக்கை வேலையைக் காக்கிறது. ஓவிய அச்சுப் படிகளில் எண் இடும் வழக்கத்தையும் இதனோடு ஒப்பிடலாம். செப்புத் தகட்டில் கீறி அச்சிடும் படத்தில், படி ஏற ஏறத் தகடு தேயும், கோடுகள் மங்கும். அங்கே எண்ணிக்கையின் எல்லை ஒரு மெய்ம்மையைத் தெரிவிக்கிறது. கணினி வழிநடத்தும் இயந்திரத்தில் கடைந்தெடுத்த கத்திக்கு இவ்வாதம் பொருந்துமா? முதற் கத்தியும் ஐந்நூறாம் கத்தியும் கண்ணுக்குத் தெரியாத நுட்பம் வரை ஒன்றே. அவற்றின் மீது பொறித்த எண், கத்தியைப் பற்றி எதையும் கூறுவதில்லை. வாங்கியவரின் அதிர்ஷ்டத்தைப் பற்றி மட்டுமே கூறுகிறது.

செய்த காலத்தைக் காட்டும் குறியே காலப்போக்கில் வேட்டைப்பொருளாக மாறியதும் உண்டு. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இயங்கும் கேஸ் நிறுவனம், 1970இல் அலகின் அடியில் தன் முத்திரையோடு பத்துப் புள்ளிகளைப் பொறித்தது. ஆண்டுதோறும் ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டு வந்தது. கத்தி எந்த ஆண்டினது என்பதை அறிய எளிய வழி அது. சேகரிப்போருக்கோ, ஒரே கத்தி புள்ளிக்கு ஒன்றாகப் பத்துக் கத்திகளாயிற்று. கத்தி மாறவில்லை, வாங்குவோர் கண் அலகிலிருந்து முத்திரைக்கு மாறிற்று. பிற்கால வணிகம் பற்றிக்கொண்டது இந்தப் பார்வை மாற்றத்தையே எனலாம்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரிலுள்ள ஸ்பைடர்கோ நிறுவனம், ஒருமுறை மட்டும் செய்து நிறுத்தும் வரிசைகளுக்கு ‘ஸ்பிரிண்ட் ரன்’ என்று பெயரிட்டது. புதிய எஃகுகள் விலை மிக்கவை, தீட்டவும் கடினமானவை, சிறிய அளவிலேயே கிடைப்பவை. அவற்றைச் சோதிக்கச் சிறு வரிசையே தக்க வழி. அதே நிறுவனம் ‘மியூல் டீம்’ என்னும் பெயரில், ஒரே வடிவிலான அலகைப் பிடி பொருத்தாமல், வெவ்வேறு எஃகுகளில் செய்து விற்றது. வாங்குவோர் தாமே பிடி பொருத்திப் பயன்படுத்தி எஃகை ஒப்பிட்டறிய வேண்டும் என்பது அதன் கருத்து. எண்ணிக்கை குறைவாயினும், வெட்டிப் பார்க்கத் தூண்டும் முயற்சி அது. இதனைப் பாராட்டவே வேண்டும். எஃகும் மாறாமல், வடிவும் மாறாமல், பிடியின் வண்ணம் மட்டும் மாறி வரும் வரிசைகளுக்கு இந்நியாயத்தைக் கடன் தர இயலாது.

இனி மையமான வினாவுக்கு வருவோம். வாங்குவோரின் ஏமாற்றத்தை நீக்குவது கடினமான செயலா? ஒரு வார காலம் முன்பதிவுக்குத் திறந்து வைத்து, எத்தனை பேர் பணம் செலுத்துகின்றனரோ அத்தனை கத்திகளைச் செய்து தருவதாக அறிவித்தால் போதும். தானியங்கி நிரலுக்கு அங்கே வேலையில்லை, தரகனுக்கு இலாபமில்லை, செய்பவனுக்கோ விற்காமல் தேங்கும் என்னும் அச்சமில்லை. இயந்திரத்தில் செய்யும் கத்திக்கு இவ்வழி பெரும்பாலும் இயலக்கூடியதே. ஆயினும் பலர் இதனை விரும்புவதில்லை. அனைவருக்கும் கிடைத்துவிட்டால் எவருக்கும் அது வேண்டாததாகிவிடும் என்பதை அவர்கள் அறிவர். பத்துப் பேர் வெறுங்கையோடு திரும்புவதால்தான் பதினோராமவன் தன் கையிலிருப்பதைப் பேறாகக் கருதுகிறான். ஆகவே ஏமாற்றம் என்பது இவ்விற்பனையில் தற்செயலாக நேரும் பழுதன்று. விற்கப்படும் சரக்கே அதுதான். கத்தி அச்சரக்கின் உறை மட்டுமே.

சேகரிப்போர் இதற்கு ஒரு மறுமொழி கூறுவர். சேகரிப்போர் இல்லாவிடில் பழங்கலைகள் அழிந்திருக்கும். அவர்கள் தரும் விலையே கைவினைஞரை வாழவைக்கிறது என்பர். இதில் உண்மை உண்டு. மடித்து அடித்து வரிகளைத் தோற்றுவிக்கும் எஃகுவேலையை வில்லியம் மோரன் 1973இல் அமெரிக்காவில் மீண்டும் அறிமுகம் செய்தபோது, அதனை ஏற்று வளர்த்தவர்களுள் சேகரிப்போரும் அடங்குவர். ஆனால் அவர்கள் அன்று போற்றியது ஒரு வேலைத்திறனை. காலம் அழித்ததை மீட்பது ஒன்று. பிறக்கும்போதே குறைத்துப் பிறப்பித்த பொருளைப் பதுக்குவது வேறொன்று. முன்னதற்குரிய மரியாதையைப் பின்னது கேட்டுப் பெறுகிறது.

அலகுகளை மதிப்பிடும் கலை நம் அறிவு மரபுக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் மெய்யியல் அறிஞர் அல்-கிந்தீ, அப்பாஸிய கலீஃபா அல்-முஃதஸிமுக்காக வாள்களின் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். யமன் வாள், இந்திய வாள், சரந்தீபில் செய்த வாள் எனப் பலவற்றையும் எஃகின் இயல்பு, அலகின் வரி, வடிவு ஆகியவற்றால் அதில் அவர் வகைப்படுத்துகிறார். மேலான வாள்களை அவர் ‘அத்தீக்’ என்று அழைக்கிறார். பழமையானது என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். எனினும் காலப் பழமையை இங்குக் குறிக்கவில்லை, பிறப்பின் உயர்வையே குறிக்கிறது என்று அவரே விளக்கம் தருகிறார். நேற்று வடித்த வாளும் பண்பால் அத்தீக் ஆகலாம். நூற்றாண்டு கண்ட வாளும் ஆகாமற் போகலாம். எத்தனை வாள்கள் உள்ளன என்னும் எண் இந்த அளவுகோலில் இடம்பெறவேயில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்நூலின் தெளிவு, இன்றைய விற்பனை அறிவிப்புகளில் காணக்கிடைக்காதது வியப்புக்குரியது.

கத்தியைக் குறிக்கும் ‘ஸிக்கீன்’ என்னும் அரபுச் சொல்லை, அசைவற்று அடங்குதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்ததாக ராகிப் அல்-இஸ்ஃபஹானீ விளக்குகிறார். அறுக்கப்படும் பிராணியின் அசைவை அது நீக்குவதால் அப்பெயர் பெற்றது என்பது அவர் கருத்து. பெயரே செயலைச் சொல்கிறது. தமிழிலும் அரிவது அரிவாள். கிறிஸ் ரீவ் என்னும் தென்னாப்பிரிக்கர் தாம் வடிவமைத்த மடக்குக் கத்திக்கு ‘செபன்ஸா’ என்று பெயர் வைத்தார். ஜூலு மொழியில் அச்சொல்லுக்கு வேலை என்று பொருள். அதன் அலங்காரப் படிகள் பல, ஒரு கயிற்றைக்கூட அறுக்காமல் பெட்டகத்தில் கிடக்கின்றன. அவ்வாறு கிடக்கும் கத்தியைச் ‘சேஃப் குயின்’, அதாவது பெட்டகத்து அரசி என்று சேகரிப்போரே நகைப்பாக அழைக்கின்றனர். தீட்டினால் விலை குறையும். வெட்டினால் விலை குறையும். பெட்டியைத் தொலைத்தாலும் விலை குறையும். தன் தொழிலைச் செய்தால் மதிப்பிழக்கும் கருவியாகக் கத்தி ஆகிவிட்டது.

இதனால் பெரிதும் இழப்பவர் வாங்க இயலாதவர் என்று எண்ணுவது முழு உண்மையாகாது. வழக்கமான படி கடையில் இருக்கிறது. அதே வடிவம், அதே பூட்டு. கறியும் கயிறும் அதனால் நன்றாகவே அறுபடும். பெரிய இழப்பு செய்பவருக்கே. பயன்படுத்துவோர் குறைகூறினால்தான் கைவினைஞன் திருந்துவான். பிடி கையில் வழுக்குகிறது, முனை ஒடிகிறது, விளிம்பு விரைவில் மழுங்குகிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும். பெட்டகத்திலிருந்து அத்தகைய சொல் வராது. அங்கிருந்து வருவது விலை ஏறியதா இறங்கியதா என்னும் செய்தி மட்டுமே. விலையை மட்டும் கேட்டுப் பழகிய பட்டறை, நாளடைவில் அலகை மறந்து நிறத்தைப் பற்றியே சிந்திக்கத் தொடங்கும்.

ஆதலின் வெறுங்கையோடு திரும்பியவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. எண்ணிக்கை வரையறை இல்லாமல், எவரும் எந்நாளும் வாங்கக்கூடியதாக இதே கத்தி கிடைத்திருந்தால் நான் இதனை விரும்பியிருப்பேனா? ஆம் என்பது விடையாயின் அவரது மனக்குறை முற்றிலும் நியாயமானது. அதற்குச் செய்பவர் பொறுப்பேற்று, முன்பதிவு போன்ற நேர்மையான வழியைத் திறந்துவிட வேண்டும். இல்லை என்பது விடையாயின் அவர் இழந்தது கத்தியை அன்று. அரிவதற்கு உரியதை அரிதென்பதற்காக மட்டும் நாடும் வரை, இந்த வணிகம் அவருக்கு ஏமாற்றத்தை வழங்கிக்கொண்டே இருக்கும்.